ஷேர் ஆட்டோவில் சொன்ன இரண்டு வருடம்

பாய்,

இன்று காலை வேலூரில், நாம் இருவரும் ஒருமுறை சேர்ந்து போன அதே ஆய்வுக்கூடத்தில், ஒரு கண்ணாடிக் குடுவையின் மூடியைத் திறந்தார்கள். உங்கள் வாசனை வந்தது.

வெந்நீரில் ஜெலட்டின் கரையும் வாசனை. ஊறவைத்த தோலின் நெடி அதில் மிக மெல்லிசாக ஒளிந்திருக்கும். அங்கே நின்ற மற்றவர்களுக்கு அது ஒன்றுமில்லை. உங்கள் சட்டையிலும், டிபன் கேரியர் மூடியிலும், மழைநாளில் உங்கள் பைக் சீட்டிலும் அந்த நெடி இருக்கும். முப்பது வருடம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன் நான். குறிப்பு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூட எழுதாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆம்பூருக்கு நான் முதலில் வந்தது பாலாற்றில் கலக்கும் சாயத் தண்ணீரைப் பற்றி எழுத. உங்கள் தொழிற்சாலை கேட்டில் வாட்ச்மேன் என்னைத் துரத்திக்கொண்டிருந்தபோது நீங்கள் வெளியே வந்தீர்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஈரத்தோல்.

"இன்னா எழுதப் போறே? ஆத்துல கலரா தண்ணி வருதுன்னா? அது எங்களுக்கே தெரியும். உள்ள வா. எந்தக் குழியிலேர்ந்து எது வருதுன்னு பாத்துட்டு எழுது."

அன்று நீங்கள் ஒவ்வொரு குழியாகக் காட்டினீர்கள். முதலாளிக்குத் தெரிந்திருந்தால் மறுநாளே உங்களை அனுப்பியிருப்பார். அதன்பின் நமக்குள் ஒரு வழக்கம் வந்தது. தோல் சம்பந்தமாக நான் எழுதும் எதையும் அச்சுக்கு அனுப்பும் முன் உங்களுக்குப் போனில் படித்துக் காட்டுவேன். நீங்கள் தவறைத் திருத்துவீர்கள். அதற்கு ஈடாக, அச்சில் வராததை நான் உங்களுக்குச் சொல்வேன். எந்த அதிகாரி உண்மையில் என்ன சொன்னார், எந்தக் கமிட்டி எதை மறைத்தது, எந்த ஆலை அடுத்த மாதம் மூடப்படும், எல்லாம். பேப்பரில் வந்தது பாதி, ரிப்போர்ட்டர் வாயில் வருவதுதான் மீதி என்பது உங்கள் கணிப்பு. பெரும்பாலும் அது சரியாகத்தான் இருந்தது. அதுதான் பின்னால் வினையானது.

நான் குடியாத்தத்துக்காரன், நெசவுக் குடும்பம். "நீ நூலு, நான் தோலு, ரெண்டும் சேந்தாத்தான் ஷூ" என்று யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும் சொல்வீர்கள். கேட்டவர் சிரிக்காவிட்டால் இன்னொரு முறை சொல்வீர்கள்.

உங்களிடம் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. வெளியூரிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர்கள், "மேஸ்திரி, இந்த லாட் என்னைக்கு ரெடியாகும்?" என்று கேட்டால் நீங்கள் தேதி சொல்லவே மாட்டீர்கள். "தோலைக் கேளு" என்பீர்கள். கோபக்காரர்கள் மானேஜரிடம் போவார்கள். மானேஜரும் உங்களைத்தான் கூப்பிடுவார். நீங்கள் ஒரு தோலை எடுத்து மடித்து, மடிப்பில் கட்டைவிரலை அழுத்தி, விட்டுவிட்டு, தடம் எப்படி மறைகிறது என்று பார்ப்பீர்கள். அப்புறம்தான் வாய் திறக்கும். ஒரு செய்தியை மூன்று பேரிடம் கேட்காமல் எழுதக் கூடாது என்று எனக்கு ஆசிரியர் குழுவில் சொல்லித் தந்திருந்தார்கள். நீங்கள் அதையே ஒரு விரலால் செய்துகொண்டிருந்தீர்கள்.

நீங்கள் விழுந்தது டிரம்முக்குப் பக்கத்தில். வீட்டு உயரத்துக்குச் சுழலும் அந்த மரப் பீப்பாயிலிருந்து தோல் இறக்கும்போது தரையெல்லாம் வழுக்கும் என்று புது ஆட்களை விரட்டி விரட்டி எச்சரித்தவர் நீங்கள்தான். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. உள்ளே கம்பி வைத்தார்கள். எட்டு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயிலும் உடைந்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. சர்க்கரை வேறு. எலும்பு சேரவில்லை, இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அங்கே வைத்து அடைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

"என் வூட்டு ஓட்டையை அடைக்க பக்கத்து வூட்டுச் செவுத்த இடிக்கறாங்கபா" என்றீர்கள். "கால் ஏற்கெனவே பேஜாரு. இடுப்பும் போய்ட்டா அப்புறம் எதை வெச்சு உக்கார்றது?"

நீங்கள் பயந்தது வலிக்கு அல்ல. அதை ஒரு வெள்ளிக்கிழமை சொன்னீர்கள். பள்ளிவாசலில் கடைசி வரிசையில் உங்களுக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். தொழுகை முடிந்து ஊன்றுகோலோடு படியிறங்கி வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பில் கால் நுழைத்தபடி சொன்னீர்கள்: "நெத்தி தரையில படணும்பா. நாற்காலியில உக்காந்து குனிஞ்சா காத்துலதான் படுது."

அந்தச் சமயத்தில்தான், ஆஸ்பத்திரி மாடியில் இருக்கும் இந்த ஆய்வுக்கூடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது. எலும்பில் விழும் இடைவெளிகளில் வைப்பதற்கு ஒரு ஜெல் செய்கிறார்கள், ஜெலட்டினை அடிப்படையாக வைத்து. வெட்டினால் தானே சேர்ந்துகொள்ளுமாம். தோலிலிருந்து வரும் சரக்கு என்பதால் உங்களைக் கூட்டிப் போக எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. வீட்டிலேயே முடங்கிக் கிடக்கிறாரே, ஒரு நாள் வெளியே வரட்டும் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஆராய்ச்சியாளர், சின்ன வயதுப் பெண், உங்களைப் பார்த்ததும் நாற்காலி இழுத்துப் போட்டார். உங்கள் முதல் கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"எந்தத் தோலும்மா?"

"மாட்டுத் தோல்தான் ஐயா. பன்றி இல்ல, கவலைப்படாதீங்க."

"சுண்ணாம்புல போட்டு எடுத்ததா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா. எப்படித் தெரியும்?"

"மூடியத் தெறந்தீங்களே."

அதன்பின் அவர் என்னை மறந்துவிட்டார். தோலைச் சீவும்போது விழும் துண்டுகளிலிருந்து தச்சர்களுக்கு வஜ்ஜிரப் பசை காய்ச்சுவதைப் பற்றி நீங்கள் சொல்ல, அதே பொருள்தான் சுத்தமாகிச் சுத்தமாகி இங்கே வந்திருக்கிறது என்று அவர் சொல்ல, பழைய சொந்தக்காரர்கள் போலப் பேசிக்கொண்டீர்கள். பிறகு அவர் செய்து காட்டினார். ஒன்று சிவப்பு, ஒன்று நிறமில்லாதது. விரல் நீளத்தில் இரண்டு ஜெல் துண்டுகள். பிளேடால் இரண்டையும் நடுவில் வெட்டி, சிவப்பின் பாதியை நிறமில்லாததன் பாதியோடு சேர்த்து வைத்தார். நாம் டீ குடித்து முடித்த பிறகு இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். இரண்டும் ஒன்றாகத் தொங்கின.

"வெட்டினா உள்ள இருக்கற பிணைப்பு விட்டுப்போகும் ஐயா. பக்கத்துல வெச்சா திரும்பவும் புடிச்சுக்கும். ஊசி வழியா உள்ள அனுப்பலாம். உடம்பு அசையும்போது கிழிஞ்சாலும் தானே மூடிக்கும். எலும்போட சத்தும் இதுல கலந்திருக்கு."

"எலும்ப இதுவே வளத்துடுமா?"

"எலும்புதான் வளரணும். இது கொடிக்குப் பந்தல் மாதிரி நிக்கும். எலும்பு வளர வளர இது கரைஞ்சு போய்டணும்."

நீங்கள் அனுமதி கேட்டு, கையுறை போட்டுக்கொண்டு, ஜெல்லை மடித்துக் கட்டைவிரலால் அழுத்தினீர்கள். தடம் மெல்ல மறைந்தது. மறுபடி அழுத்தினீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அந்த எட்டு மாதத்தில் நான் பார்க்கவில்லை. நல்ல தோல் என்று உங்கள் விரல் சொல்லிவிட்டது. உங்கள் அளவுக்குத் தோல் தெரிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. ஜெல் தன் வெட்டைத் தானே மூடிக்கொள்கிறது என்பதை விரலால் பார்க்கலாம். ஒரு சர்க்கரை நோயாளியின் காலுக்குள் அது என்ன செய்யும் என்பதை எந்த விரலாலும் பார்க்க முடியாது.

நீங்கள் மேசையருகே இருந்தபோது நான் அடுத்த அறையில் அவரிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். நோட்டில் அவர் பதில் அப்படியே இருக்கிறது: "இதுவரைக்கும் எலியிலதான் சார். மனுஷங்களுக்கு எப்ப வரும்னு சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது."

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு வரை ஷேர் ஆட்டோ. எட்டுப் பேர். உங்கள் ஊன்றுகோல் எல்லார் மடியிலும் குறுக்கே கிடந்தது. பூக்கூடைக்காரம்மா ஒருவர், "யோவ், கட்டைய ஓரமா வெய்யா, பூவு நசுங்குது" என்று சத்தம் போட்டார். "கோச்சுக்காதம்மா, இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் இந்தக் கட்டை" என்றீர்கள். அப்புறம் என் பக்கம் திரும்பினீர்கள்.

"எப்போ வரும்பா?"

என் சட்டைப் பையில் நோட்டு இருந்தது. அதில் பதில் இருந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"ரெண்டு வருஷத்துல வந்துடும் போல பாய்."

யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. ஏன் இரண்டு, ஏன் மூன்று இல்லை என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது. நீங்கள் குனிந்து உங்கள் காலை இரண்டு தட்டுத் தட்டினீர்கள். "தாங்குவே இல்ல?" என்று அதனிடம் கேட்டீர்கள்.

மறுநாள் வழக்கம்போலச் செய்தியை உங்களுக்குப் போனில் படித்தேன். எலிகளில் மட்டுமே சோதிக்கப்பட்டுள்ளது, மனிதர்களுக்கு எப்போது பயன்படும் என்று இப்போது சொல்ல இயலாது. அந்த வரி வந்ததும் நீங்கள் சிரித்தீர்கள். "கரெக்டு. பேப்பர்ல அப்படித்தான் போடணும்." அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. இரண்டு வருடம் என்று நான் சொன்னது என் நினைவிலேயே இல்லை. அச்சில் ஒரு பிழை இல்லை. திருப்தியாக அனுப்பிவைத்தேன்.

பல மாதம் கழித்து உங்கள் மகள் ஷமீமா கூப்பிட்டாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை, சாப்பாட்டு நேரத்தில் பேசினாள். பின்னால் ஒரே சத்தம்.

"சாச்சா, அப்பா ஆபரேஷனுக்குப் போகவே மாட்டேன்றாரு. டாக்டர் மூணு தடவ சொல்லிட்டாரு. உங்க பேப்பர எக்ஸ்ரே கவருக்குள்ள வெச்சுக்கிட்டு, இது வரட்டும், இது வரட்டும்னே ஒக்காந்திருக்காரு."

"பேப்பர்ல அப்படி இல்லையேம்மா. எலின்னுதானே எழுதியிருக்கேன்."

"நானும் அத்ததான் படிச்சுக் காட்டினேன். 'அது ஊருக்கு எழுதுனது, எங்கிட்ட உள்ளதச் சொல்லிட்டான்'னு சொல்றாரு. இன்னா சாச்சா சொன்னீங்க?"

அன்று மாலையே ஆம்பூர் வந்தேன். நீங்கள் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தீர்கள். அந்த ஒரு மணி நேரத்தை நான் எத்தனையோ முறை திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன், பாய். நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. 'அந்த இரண்டு வருடம் நானாகச் சொன்னது, அதற்கு ஆதாரம் இல்லை' என்று சொல்ல வேண்டும். பதிலாக, "டாக்டர் சொல்றதக் கேளுங்க பாய், அவருக்குத்தானே தெரியும்" என்றேன்.

"ரெண்டுல ஒண்ணு போய்டுச்சுபா. இன்னும் ஒண்ணுதானே. இத்தினி நாள் பொறுத்தாச்சு."

ஷமீமா டீ கொண்டுவந்து வைத்தாள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் டீயைக் குடித்தேன். ஊர் ஊராக உண்மையைக் கேட்டு வாங்கி எழுதிப் பேர் வாங்கியவன், ஒரு வீட்டில், ஒரு கட்டிலுக்கு எதிரே, அதைச் சொல்ல முடியாமல் கோப்பையைக் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாவது வருடம் முடியவில்லை. பள்ளிவாசலில் கைகால் கழுவிவிட்டு எழுந்தபோது உள்ளே இருந்த கம்பி முறிந்தது. சேராத எலும்பின் பாரத்தை அது எத்தனை நாள்தான் தாங்கும். சத்தம் பக்கத்தில் இருந்தவருக்கே கேட்டதாம். பெரிய ஆபரேஷன். முறிந்த கம்பியை எடுத்து, வேறு வைத்து, நீங்கள் பயந்தபடியே இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அடைத்தார்கள். அது சேர்ந்தது. பழைய முறையில், உங்கள் எலும்பே உங்கள் எலும்போடு சேர்ந்தது. ஆனால் கால் ஒரு விரற்கடை கம்மியாகிவிட்டது. முழங்கால் மடங்குவது பாதியில் நின்றுவிட்டது.

வார்டில் உங்களிடம் கடைசியில் சொன்னேன். "நான்தான் பாய் அந்த ரெண்டு வருஷத்தச் சொன்னேன். அவங்க சொல்லல. நானாச் சொன்னது."

மன்னித்தேன் என்று சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை.

"ஒரு லாட்டுக்கு எவனாச்சும் தேதி கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

"தோலைக் கேளுன்னு."

"என் கால நான் கேக்கல பாரு." பிறகு, "நீயும் கேக்கல" என்றீர்கள்.

அப்புறம் நீங்களே ஆரம்பித்தீர்கள். "அந்த எலிங்களுக்கு எலும்பு சேந்துச்சா?"

"சேந்துச்சாம் பாய்."

"இப்ப நல்லா ஓடுதா?"

"இல்ல. உள்ள எப்படிச் சேந்திருக்குன்னு பாக்கறதுக்காகக் கொன்னுடுவாங்க."

"அடப்பாவிங்களா! எலும்பு சேந்துச்சு, எலி போச்சா?" இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலியோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். நர்ஸ் வந்து என்னைத்தான் திட்டினார்.

டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். முதலில் சொன்னபோதே செய்திருந்தால் இவர் மண்டியிட்டிருப்பாரா? அவர் யோசித்துச் சொன்னார்: "சொல்ல முடியாது. வாய்ப்பு ஜாஸ்தியா இருந்திருக்கும். அவ்வளவுதான் சொல்ல முடியும்." அந்தப் பதிலையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதை எந்தச் செய்தியிலும் போட இடமில்லை.

ஷமீமா தன் கம்பெனியில் தெரிந்தவர்களிடம் சொல்லி, உங்கள் வலது ஷூவுக்கு மட்டும் அடித்தோலை ஒரு விரற்கடை கூடுதலாக ஒட்டிக் கொண்டுவந்தாள். அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தே நடந்தீர்கள். பள்ளிவாசல் படியில் அதைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் மறுபடி சாய்வீர்கள். கடைசி வரிசை நாற்காலிக்குப் போக ஐந்தாறு எட்டு. வெளியே டீக்கடையில் இருந்து நான் அதைப் பார்ப்பேன். போன வருடம் மாரடைப்பு வந்து நீங்கள் போன அன்று வரைக்கும் அந்த நாற்காலிதான். உங்களைத் தூக்கிக்கொண்டு போன பிறகு உங்கள் வீட்டு வாசலில் அந்த ஜோடி மட்டும் கிடந்தது. ஒன்று தடிமன், ஒன்று மெல்லிசு. சரிசமமாக நின்ற மாதிரி யாரோ ஓரமாக எடுத்து வைத்திருந்தார்கள்.

பேப்பரில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். எத்தனையாவது பக்கம், எந்த வரி, எது சரி என்று. என் பிழை எந்தப் பக்கத்திலும் இல்லை. ஷேர் ஆட்டோவில் ஒரு பூக்கூடைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்று அந்த ஆராய்ச்சியாளர் என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. ஜெல் எலிகளைத் தாண்டிவிட்டது. முயல், ஆடு என்று போய், முதல்முறையாகச் சில மனிதர்களிடம் பார்க்க அனுமதி கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் அவருக்கு நரை வந்துவிட்டது. "அந்த ஐயா நல்லா இருக்காரா சார்? மூடியத் தெறந்ததும் சுண்ணாம்புன்னு சொன்னாரே" என்று கேட்டார். சொன்னேன். கையில் இருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு நான் என் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். எப்போது வரும் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது என்ற அன்றைய பதிலையே அவர் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

கீழே இறங்கி வந்தபோது, எலும்புப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் மடியில் எக்ஸ்ரே கவரோடு உட்கார்ந்திருந்தார். பேரணாம்பட்டிலிருந்து வந்திருக்கிறார். கணவருக்குத் தொடை எலும்பு, சேரவில்லை. என் கையில் நோட்டைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

"சார், நீங்க பேப்பர்காரரா? மேல ஏதோ ஜெல்லு கண்டுபுடிச்சிருக்காங்களாமே. போட்டா எலும்பு ஒட்டிக்குமாம். நெசமா?"

"கண்டுபுடிச்சுக்கிட்டு இருக்காங்கம்மா."

"எப்போ சார் வரும்? அவருக்கு அடுத்த வாரம் ஆபரேஷன்னு தேதி குடுத்திருக்காங்க. அதுக்குள்ள வராதுன்னாலும், ஒரு ஆறு மாசம் பொறுத்துப் பாக்கலாமான்னு..."

உங்கள் முகம்தான், பாய். அதே ஆசை, அதே மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டு.

"தெரியாதும்மா" என்றேன். "எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. எத்தினி வருஷம்னும் தெரியாது. அடுத்த வாரம் போய்ப் பண்ணிக்குங்க."

அந்த முகம் அப்படியே விழுந்தது. நான் எழுந்து போய்விடவில்லை, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்று ஆட்டோவில் நான் பார்க்கப் பயந்தது இதைத்தான். அரை நிமிடம் இருக்கும். பிறகு அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கவரை இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"அட்மிஷனுக்கு எந்தக் கவுன்ட்டர் சார்?"

காட்டினேன். அவர் போய் வரிசையில் நிற்கும் வரை பார்த்திருந்துவிட்டு வெளியே வந்தேன். செய்தியை இன்னும் அனுப்பவில்லை. முதல் வரி 'எப்போது என்று தெரியாது' என்றுதான் தொடங்குகிறது. வழக்கப்படி, அனுப்பும் முன் உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். இதுதான் பாய், படித்துவிட்டேன். பேப்பரில் வருவதுதான் இந்த முறை முழுதும். வாயில் மீதி எதுவும் இல்லை.